ரெங்கம் தோட்டத்திலிருந்து செமிலிங் வரை
துன் ச. சாமிவேலுவின் வாழ்வும் பணியும்

தமிழன் எந்த நாட்டிற்குக் குடிபெயர்ந்தாலும் தன்னுடன் இரண்டினைக் கொண்டு சென்றான் என்பர். ஒன்று கோயில்; மற்றொன்று பள்ளி. ஜொகூர் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் காடு அழித்துக் கன்று நட்ட நம் முன்னோர், லயங்களின் ஓரத்தில் ஒரு மாரியம்மனை நிறுவினர். அதன் அருகிலேயே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு தமிழ்ப்பள்ளியையும் எழுப்பினர். கோயில் அவர்களின் நிகழ்காலத்திற்குத் துணை நின்றது. பள்ளி அவர்களின் வருங்காலத்திற்கு நம்பிக்கை அளித்தது. அவ்வாறான ஒரு தோட்டத்தில் பிறந்து, நாட்டின் அமைச்சரவையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அமர்ந்து, இறுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர் துன் ச. சாமிவேலு. அன்னாரின் வாழ்க்கை வரலாறு ஒரு தனிமனிதரின் வரலாறு மட்டுமன்று. தோட்டப்புறத்திலிருந்து வெளியேற முயன்ற ஒரு சமுதாயத்தின் வரலாறுமாகும்.

பிறந்த மண்

ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த ரெங்கம் வட்டாரம், இரப்பருக்குப் பெயர்பெற்றது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றபின், அதன் இருமருங்கிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வாயிலாகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரையில் அந்த வரவு நீடித்தது.

அத்தடைக்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1936ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 8ஆம் நாள், ரெங்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார் சாமிவேலு. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, நண்பகல் வரை மரம் சீவி, பால் வாளி சுமந்து திரும்புவதே அக்காலத் தோட்டத் தொழிலாளியின் நாள். அவன் பிள்ளையும் பன்னிரண்டு வயதில் அதே நிரையில் நிற்பான் என்பதே எழுதப்படாத விதியாக இருந்தது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று மலாயாவின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆயினும் அப்பள்ளிகளில் பலவும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. அதற்கு அப்பால் ஆங்கிலக் கல்வி பெற வேண்டுமாயின் பட்டணத்திற்குச் செல்லல் வேண்டும், பணமும் வேண்டும்.

அவர் ஆறு வயதை எட்டுமுன்னரே ஜப்பானியர் படை ஜொகூருக்குள் புகுந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் இறுதியில் பிரிட்டிஷ் படை ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மீளாதோர் மிகப்பலர். அத்தலைமுறையில் பிறந்த எவருக்கும் வறுமை என்பது ஏட்டில் படித்தறிந்த சொல்லன்று.

உழைப்பால் உயர்ந்தவர்

இளமையிலேயே தோட்டத்தை விட்டு வெளியேறிய சாமிவேலு, சிறு சிறு வேலைகள் பார்த்துக்கொண்டே படிப்பைத் தொடர்ந்தார். கட்டடக் கலைத் துறையில் அவர் மனம் சென்றது. வரைபடப் பலகையின் முன் உழைத்து உழைத்துக் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் உறுப்பினர் என்ற தகுதியும் அவரை வந்தடைந்தது. இடையில் மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவில் செய்தி வாசிப்பாளராகவும் பணியாற்றினார். பின்னாளில் மேடைகளில் முழங்கிய கம்பீரமான அக்குரல், முதலில் வானொலிப் பெட்டி வாயிலாகவே தோட்டத்து மக்களுக்கு அறிமுகமாயிற்று.

1959ஆம் ஆண்டில் அவர் மலேசிய இந்தியர் காங்கிரசில், அன்றைய மலாயா இந்தியர் காங்கிரசில், உறுப்பினரானார். 1946ஆம் ஆண்டில் ஜான் திவி அவர்களால் தோற்றுவிக்கப்பட்ட அவ்வமைப்பு, அப்போது துன் வீ. தி. சம்பந்தனின் தலைமையில் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரான துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்து நின்ற வேளையில், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, அப்பணத்தால் தோட்டங்களையே வாங்கினார். ஏழைகளின் சிறு தொகை ஒன்றுதிரண்டால் பெருஞ்சொத்தாகும் என்பதனை மலேசியத் தமிழர்க்கு மெய்ப்பித்துக் காட்டிய முதல் முயற்சி அதுவே. பின்வந்த தலைமுறைத் தலைவர்கள் அனைவரும் அம்முன்மாதிரியோடு ஒப்பிடப்பட்டே எடைபோடப்பட்டனர்.

அரசியல் ஏற்றம்

1974ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், துன் சம்பந்தன் நெடுங்காலம் வகித்த சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் சாமிவேலு போட்டியிட்டு வென்றார். அத்தேர்தல் உட்படத் தொடர்ந்து எட்டுப் பொதுத்தேர்தல்களில் அத்தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது. 1977ஆம் ஆண்டில் கட்சியின் துணைத்தலைவர் பதவிக்கு நடந்த கடும் போட்டியில், மிகச் சொற்ப வாக்கு வேறுபாட்டில் வெற்றி கண்டார். 1978ஆம் ஆண்டில் வீடமைப்பு, ஊராட்சித் துறையின் துணையமைச்சரானார். 1979ஆம் ஆண்டில் முழு அமைச்சராக உயர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் கட்சித் தலைவர் டான் ஸ்ரீ வீ. மாணிக்கவாசகம் திடீரென மறைந்தமையால், தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. அன்று முதல் 2010ஆம் ஆண்டு டிசம்பர் வரை, முப்பத்தோர் ஆண்டுகள் அவரே ம.இ.கா.வின் தலைவர்.

1979 முதல் 1989 வரை பொதுப்பணித் துறையும், 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் துறையும், 1995 முதல் 2008 வரை மீண்டும் பொதுப்பணித் துறையும் அவர் பொறுப்பில் இருந்தன. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் அவர் காலத்துப் பணியாகும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைத் திட்டமும் அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேயே உருப்பெற்று, 1994ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. நம் மாநிலத்தின் தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து சிங்கப்பூரின் துவாஸ் வரை செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம் 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோதும் பொதுப்பணி அமைச்சர் அவரே. சாலைக் கட்டணம் உயரும் போதெல்லாம் மக்களின் சினத்தை நேர்நின்று தாங்கியவரும் அவரே. தடித்த சொல்லுக்கும் நகைச்சுவைக்கும் ஒருசேரப் பெயர் பெற்ற அவரைப் பிடித்தவரும் பிடிக்காதவரும் மறந்ததில்லை.

1987ஆம் ஆண்டில் ஆறாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2003ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் வெளிநாடுவாழ் இந்தியர்க்கான பிரவாசி பாரதீய சம்மான் விருதை முதன்முறையாக வழங்கியபோது, அதனைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

கல்விக் கதவு

சாமிவேலுவின் பணிகளுள் வரலாற்றில் நிலைக்கத் தக்கது எது என வினவின், பலரும் சுட்டுவது கல்விப் பணியையே. அதன் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்து நிலைமையைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும்.

1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்திற்குப் பின்னர், 1971ஆம் ஆண்டில் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதனை ஒட்டிப் பல்கலைக்கழக நுழைவில் இன விகிதாசார முறையும் பின்பற்றப்பட்டது. 1970களின் இறுதியில் நாட்டில் இருந்த பல்கலைக்கழகங்கள் ஐந்தே. மருத்துவம் பயிலும் இடங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில் போராடி மேலெழும் தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்விடம் எட்டாக் கனியாயிற்று. வசதியுடையோர் தம் மக்களை இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்கும் அனுப்பினர். பின்னாளில் உக்ரேனுக்கும் உருசியாவிற்கும் சென்றோர் உளர். வீட்டை அடகு வைத்தும் தாலியை விற்றும் மகனை மருத்துவனாக்கிய தாய்மார் ஜொகூரிலும் உண்டு. விற்பதற்கு ஏதுமில்லாதார் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் பெற்றும் தொழிற்சாலைக்கே சென்றனர்.

இந்நிலையில் 1984ஆம் ஆண்டில் ம.இ.கா.வின் கல்விக் கரமாக எம்.ஐ.இ.டி. எனப்படும் கல்வி மேம்பாட்டு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அது மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்கியது. சிரம்பானில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றையும் நடத்தியது. பல்கலைக்கழகம் புக இயலாத இளைஞர்க்கு ஒரு கைத்தொழிலேனும் கிட்டட்டும் என்பது அதன் நோக்கம்.

1996ஆம் ஆண்டில் தனியார் உயர்கல்விக் கூடச் சட்டம் இயற்றப்பட்டமை ஒரு திருப்புமுனை. தனியாரும் பல்கலைக்கழகம் தொடங்க வழி பிறந்தது. அவ்வாய்ப்பைச் சாமிவேலு உடனே பற்றிக்கொண்டார். 2001ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியில் தற்காலிகக் கட்டடங்களில் ஏய்ம்ஸ்ட் உயர்கல்விக் கூடம் மாணவர்களை ஏற்றது. சீன சமுதாயத்தின் மலேசிய சீனர் சங்கம் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தை நிறுவியது அதற்கடுத்த ஆண்டாகிய 2002இல் என்பது நோக்கத்தக்கது. எண்ணிக்கையிலும் செல்வத்திலும் சிறிய சமுதாயம் ஓராண்டு முந்திக்கொண்டது.

கடாரத்து மண்ணில்

நிலையான வளாகத்திற்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் கெடாவின் செமிலிங். ஏறத்தாழ 230 ஏக்கர் பரப்பு. ஜெராய் மலையின் அடிவாரம். அண்மையிலேயே பூஜாங் பள்ளத்தாக்கு. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரம் என்று குறிப்பிடும் நிலம் இதுவே. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த வணிகர்களின் வழிபாட்டுத் தலங்கள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மெர்போக்கில் மீளக் கட்டப்பட்டுள்ள பண்டைக் கோயிலின் கருங்கல் அடித்தளத்தை இன்றும் காணலாம். வணிகராக வந்தோர் கோயில் எழுப்பிய மண்ணில், தொழிலாளராக வந்தோரின் பேரப்பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் எழுந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வளாகக் கட்டடங்களின் ஒவ்வொரு தூணிலும் கட்டடக் கலைஞரான சாமிவேலு அக்கறை காட்டினார். அரசாங்கத்தின் நிதியும், வங்கிக் கடனும், பொதுமக்களின் நன்கொடையும் ஒன்றுசேர்ந்தன. அமைச்சர் பதவியின் செல்வாக்கை அவர் தயங்காது பயன்படுத்தினார். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், வணிகம் ஆகிய துறைகள் வளர்ந்தன. பல்கலைக்கழகத் தகுதியும் பின்னர்க் கிட்டியது. அதன் வேந்தராகப் பட்டமளிப்பு மேடையில் நின்று பட்டயம் வழங்கிய சாமிவேலு, தம் முன் வந்து நின்ற இளைஞர்களுள் எத்தனையோ பால்மரத் தொழிலாளரின் பேரர்களைக் கண்டிருப்பார்.

ஏய்ம்ஸ்ட் தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 2002இல், அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் விகிதாசார முறை நீங்கித் தகுதிமுறை அறிவிக்கப்பட்டது. ஆயினும் மருத்துவ இடங்களுக்கான போட்டி குறையவில்லை. 2005ஆம் ஆண்டில் உக்ரேனின் கிரிமிய மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்திற்கான ஏற்பினை மலேசியா விலக்கிக்கொள்ள முடிவு செய்தபோது, இந்திய மாணவர் பலர் செய்வதறியாது திகைத்தனர். அமைச்சரவையில் இருந்துகொண்டே அம்முடிவை எதிர்த்துக் குரல் எழுப்பியவர் சாமிவேலு. சொந்த நாட்டிலேயே ஒரு கூடம் இருப்பதன் அருமையை அந்நிகழ்ச்சி பெற்றோர்க்கு உணர்த்தியது.

மறுபக்கம்

புகழுரையால் மட்டும் வரலாறு எழுதப்படுதல் தகாது. சாமிவேலுவின் பொதுவாழ்வில் ஆறாத புண்ணாக நின்றது மைக்கா நிறுவனம். சமுதாயத்தின் பொருளாதாரத்தை உயர்த்தும் பொருட்டு 1980களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட அந்நிறுவனத்தில், ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினர். திரண்ட முதல் ஏறத்தாழ 106 மில்லியன் வெள்ளி. நகையை அடகு வைத்தும், சேமநிதிப் பணத்தைக் கொண்டும் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளர் பலர். எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. 1990ஆம் ஆண்டில் இந்தியர்க்கென ஒதுக்கப்பட்ட டெலிகொம் பங்குகளில் பெரும்பகுதி மைக்காவிற்குச் செல்லாமல் வேறு நிறுவனங்களுக்குச் சென்றது குறித்துக் கடும் சர்ச்சை எழுந்தது. அப்பங்குகள் கல்விப் பணிக்கே பயன்பட்டன என்பது தலைமையின் விளக்கம். அவ்விளக்கத்தை ஏற்றோரும் உண்டு, ஏலாதோரும் உண்டு. 2010ஆம் ஆண்டில் ஒரு தனியார் தரப்பு மைக்காவை வாங்க முன்வந்தபோது, ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்த விலை எண்பது காசு. கால் நூற்றாண்டுக் காத்திருப்பின் பயன் அவ்வளவே. அதற்குள் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்தபடியே கண்மூடியோர் பலர்.

கட்சிக்குள்ளும் மாற்றுக்கருத்துக்கு இடம் குறைவு என்ற குறை நெடுங்காலமாய்க் கேட்டது. 1988ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட எம். ஜி. பண்டிதன், பின்னர்த் தனிக்கட்சி கண்டார். இந்தியர்க்கு அமைச்சரவையில் இருந்த முழு அமைச்சர் பதவி ஒன்றே. அதில் அமர்ந்தவர் அவர் ஒருவரே. ஆதலின் சமுதாயத்தின் சாதனைகள் மட்டுமன்றிச் சமுதாயத்தின் ஏமாற்றங்களும் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டன.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, வீடிழந்து பட்டணப் புறம்போக்குகளில் குடியேறியோர் பல்லாயிரவர். அவர்கள் எழுப்பிய கோயில்களுக்கு நிலப்பட்டா இல்லை. அவை ஒவ்வொன்றாக உடைபடலாயின. 2007ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த வேளையில், ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள், ஹிண்ட்ராப் அறைகூவலை ஏற்றுப் பல்லாயிரம் இந்தியர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டனர். சமுதாயம் தன் தலைவரிடமிருந்து எவ்வளவு தொலைவு விலகிச் சென்றிருந்தது என்பதனை அந்நாள் காட்டியது.

2008ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் மார்ச் திங்கள் 8ஆம் நாள் நடைபெற்றது. அது சாமிவேலுவின் எழுபத்திரண்டாவது பிறந்தநாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தம்மைத் தாங்கிய சுங்கை சிப்புட் தொகுதியில் அன்று அவர் தோல்வியுற்றார். வென்றவர் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ். தோட்ட மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் ஒருவரிடம், சமுதாயத்திற்கு மருத்துவர்களை உருவாக்கப் பல்கலைக்கழகம் கண்டவர் தோற்றார். காலத்தின் கணக்கு எவர்க்கும் முன்கூட்டியே புலப்படுவதில்லை.

இறுதிக் காலம்

2010ஆம் ஆண்டு டிசம்பரில் கட்சித் தலைமையை டத்தோ ஸ்ரீ ஜி. பழனிவேலிடம் ஒப்படைத்து விலகினார். 2011ஆம் ஆண்டில் இந்தியாவிற்கும் தெற்காசியாவிற்குமான அடிப்படைக் கட்டுமானச் சிறப்புத் தூதராக, அமைச்சர் தகுதியுடன் நியமிக்கப்பட்டார். நாட்டின் உயரிய துன் விருதும் அவரை அணி செய்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், தமது எண்பத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். அன்று அவரை வாழ்த்தியோரும் வைதோரும் ஒருங்கே ஒன்றனை ஒப்புக்கொண்டனர். செமிலிங் வளாகம் நிற்கும் வரை அவர் பெயர் நிற்கும் என்பதே அது.

வரலாறு தரும் படிப்பினை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் எண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. தோட்டங்கள் மறைந்தபோது அவற்றோடு பள்ளிகளும் மறைந்தன. ஜொகூரில் செம்பனைக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் கோயில்கள், ஒரு காலத்தில் அங்கே ஊர் இருந்தமைக்குச் சான்றாக உள்ளன. அவ்வூர்களின் பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்ற வினாவிற்கு இரு விடைகள் உண்டு. சிலர் பல்கலைக்கழகம் சென்றனர். பலர் வழி தவறினர். இரண்டாம் விடையைக் குறைத்து முதல் விடையைப் பெருக்குவதே சமுதாயப் பணி.

சம்பந்தனின் பத்து வெள்ளியும், மைக்காவின் பங்குப் பணமும், ஏய்ம்ஸ்ட்டின் நன்கொடையும் வந்தது ஒரே மடியிலிருந்துதான். அது பால்மரம் வெட்டியவளின் முந்தானை முடிச்சு. அம்முடிச்சு நம்பிக்கையோடு அவிழ்க்கப்பட்டபோது தோட்டம் கிடைத்தது, பல்கலைக்கழகம் கிடைத்தது. அந்நம்பிக்கை குலைந்தபோது, ஒரு தலைமுறையின் ஆதரவே கைவிட்டுப் போயிற்று. ஆலய உண்டியலில் விழும் ஒவ்வொரு காசுக்கும் அம்மன் சாட்சி என்று நம்புகிறவர் நாம். பொதுப்பணம் எங்குத் திரண்டாலும் அதற்கு அதே கணக்கும் அதே அச்சமும் வேண்டும் என்பது, சாமிவேலுவின் வரலாறு பொதுப்பணியில் ஈடுபடும் ஒவ்வொருவர்க்கும் விட்டுச் சென்ற படிப்பினை.

திருவிழாக் காலங்களில் அன்னதானம் சிறக்கிறது. தேர் அழகுற அலங்கரிக்கப்படுகிறது. அவற்றோடு, தேர் செல்லும் தெருவில் உள்ள ஒரு பிள்ளையின் படிப்பிற்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுமாயின், ரெங்கம் தோட்டத்து லயத்திலிருந்து தொடங்கிய பயணம் இடையில் நின்றுவிடாது. கோயிலும் பள்ளியும் அருகருகே எழுப்பிய முன்னோரின் எண்ணமும் அதுவே. அம்பாள் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.